தினம் ஒரு விரல் படம்

அந்தக் கோடையில் தினமும் காலையில், கிருஷ்ணகிரியில் ஓசூர்ப் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் என் கைப்பேசிக்கு ஒரு படம் வரும். ஓர் ஆணின் வலது கை. விரல்கள் விரிந்து, நுனிகள் வெளிச்சத்தைப் பார்த்தபடி இருக்கும். பின்னால் ஒரு நீலத் தார்ப்பாய் தெரியும். கூடவே வணக்கமோ வாசகமோ இருக்காது. நான் கட்டைவிரலைப் பெரிதாக்கி, ரேகைக் கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். அலுவலகம் போனதும் அன்றைய தேதியையே பெயராக வைத்து, அந்தப் படத்தைக் கணினியில் அவருடைய கோப்புறைக்குள் போட்டுவிடுவேன்.

தேதி போடுவது என் பழக்கம். பள்ளி நாட்களிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நூலகத்தில் கதைப் புத்தகங்களைவிடப் பிறருடைய நாட்குறிப்புகளையும் பயணக் குறிப்புகளையும் அதிகம் எடுத்துப் படித்தவள். பெரிய சங்கதி நடந்த நாளிலும் எழுதியவர் மறக்காமல் மழை பெய்ததா என்று குறித்திருப்பார். அது எனக்குப் பிடிக்கும். ஆகவே அந்தக் கோடையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அன்றன்றைக்கு எழுதியதைப் பார்த்துச் சொல்வதுதான். ஒன்று மட்டும் அதில் இல்லை. எனக்கு என்ன தோன்றியது என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. மறைத்து எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இதற்குக் காரணம் என்று ஒன்றைத் தேடியும் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. தேர்வில் தோற்கவில்லை. காலையில் எழுந்து, குளித்து, பேருந்து பிடித்து, வேலை செய்து, திரும்பி வந்தேன். பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் தொடுவது கைக்கு மட்டும் தெரியுமே, ஏறக்குறைய அப்படி.

பி.காம். இரண்டாம் ஆண்டு முடித்தவர்கள் கோடைப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. எனக்குக் கிடைத்தது ஓசூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. தமிழ்ப் புத்தாண்டு முடிந்து வந்த திங்கட்கிழமை சேர்ந்தேன். குளிர்சாதனம் ஆடிட்டர் அறைக்குள் மட்டும்தான். அவர் கதவைத் திறந்து மூடும்போது அந்தக் குளிர் ஒரு விநாடி எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போகும். வெளியே நானும், எனக்கு எல்லாம் சொல்லித்தர நியமிக்கப்பட்ட சீனியரும். அவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சிஏ தேர்வுக்குப் படித்துக்கொண்டே மூன்றாவது வருடமாக அங்கே வேலை பார்த்தார்.

எனக்கு முதலில் கொடுத்தது பெட்ரோல் ரசீதுகள். ஏதோ ஓர் உதிரிபாகக் கம்பெனியின் ஒரு வருட ரசீதுகள் ஒரு மஞ்சள் பையில் வந்திருந்தன. பாதிக்கு மேல் எழுத்து அழிந்து வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சிலவற்றில் தேதி தெரியும்.

"ஒண்ணும் தெரியலன்னா என்ன பண்றதுக்கா?" என்று சீனியரிடம் கேட்டேன்.

"தெரியலன்னு எழுதி தனியா வையி. தெரிஞ்ச மாதிரி மட்டும் எழுதிராத, என்ன?"

அந்த வாரம் வியாழக்கிழமைதான் அந்த விரல்களுக்குரியவர் வந்தார். கூடவே அவர் மனைவியும். கணவர் நாற்பதைத் தாண்டியவர். சிங்காரப்பேட்டைப் பக்கத்தில் விவசாயக் கூலிக் குடும்பம். பதினெட்டு வயதில் கிருஷ்ணகிரிக்கு வந்து கிரானைட் யார்டு ஒன்றில் சேர்ந்தவர், அன்றிலிருந்து விளிம்பு மெருகேற்றும் வேலை. அறுத்து வரும் கல் பலகையின் ஓரம் சொரசொரப்பாக இருக்கும். அதைத் தண்ணீர் விட்டு, கையில் பிடிக்கும் மெஷினால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். ஆடிட்டர் அறைக் கதவு திறந்தே இருந்ததால் அவர் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"யார்டு ஓனரு சொல்ட்டாருங்க சார். சமையல் மேடைக் கல்லு பெரிய ஆர்டரு ஒண்ணு பெங்களூருக்குப் போவுது. எட்ஜ் வேலை பூரா உனுக்கே தரேன், ஆனா ஜிஎஸ்டி நம்பரு போட்ட பில்லு குடுக்கணும்னு."

"எது வரைக்கும் டைம்?"

"சித்திரை முடியற வரைக்கும் பாப்பேன்னாரு. அதுக்கு மேல வேற ஆளுக்குப் போயிடும்."

அதுவரை வாசல் பக்கமே நின்றிருந்த அவர் மனைவி ஓர் அடி உள்ளே வைத்தார். "ஷெட்டு புடிச்சாச்சுங்க சார். கரண்டும் வாங்கியாச்சு. ரெண்டு மெஷினு வந்து எறங்கிக் கெடக்குது. இவுரு இனிமேட்டுக்கு இன்னொருத்தரு கீழ கூலிக்கு நிக்கக் கூடாதுங்க. அவ்ளோதான் எனுக்கு."

"நம்பர் வாங்கறது பெரிய விஷயமில்லம்மா. ஒரு வாரம்" என்றார் ஆடிட்டர்.

அப்படித்தான் வழக்கமாக ஆகும். ஆனால் அவர் விண்ணப்பத்தைச் சீனியர் இணையத்தில் போட்டதும், நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும் என்று பதில் வந்தது. எல்லோரையும் அப்படிக் கேட்பதில்லை. சிலரை மட்டும் கணினி தானாகப் பொறுக்கி எடுக்கிறது. ஏன் இவரை எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பதினைந்து நாளுக்குள் சேவை மையத்துக்குப் போய், அங்கே வைக்கும் ரேகை ஆதாரில் இருக்கும் ரேகையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விண்ணப்பம் செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். மையம் கிருஷ்ணகிரியில் இருந்தது.

"நீ கிருஷ்ணகிரிதானேம்மா? கூடப் போய்ட்டு வந்துடு. அப்புறம் நீயே ஃபாலோ பண்ணு" என்றார் ஆடிட்டர். அந்த வேலை எனக்கு வந்தது அப்படித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மையத்துக்குப் போனோம். கருவிக்குப் பின்னால் இருந்தவர் இளைஞர். எல்லைப் பக்கத்து ஆள் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. வருகிறவர் முகத்தைப் பார்த்து மொழியை மாற்றிக்கொண்டிருந்தார்.

"கட்டை வெரல வைங்கண்ணா. அழுத்துங்க."

சிவப்பு விளக்கு.

"இன்னும் கொஞ்சம். ஒத்தி, ஒத்தி." கன்னடத்துக்குத் தாவினார். சிவப்பு. "நொக்கண்டி" என்று தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தார். அதற்கும் சிவப்பு. பத்து விரலும் ஆயிற்று. ஈரத்துணியால் துடைத்து ஒருமுறை, துடைத்துக் காய்ந்தபின் ஒருமுறை.

"என்னாண்ணா, எங்கனா பேங்க்கு கொள்ளைக்குக் கெளம்பிட்டீங்களா? ஒரு ரேககூட இல்லாம வந்திருக்கீங்க."

அவர் சிரித்தார். "கல்லு வேலைங்க."

"க்ளவுஸ் போடறதில்லையா?"

"போட்டா ஓரம் தெரியாதுங்க. வெரலால தடவித் தடவித்தான் எங்க மேடு, எங்க பள்ளம்னு பாக்கணும்."

அவர் விரல் நுனிகளை நான் அப்போதுதான் பார்த்தேன். அவர் மெருகேற்றிய கல்லைப் போலவே வழுவழுவென்று இருந்தன என்று இப்போது எழுதலாம். அன்று நான் எழுதியது, "ரேகை இல்லை. வெயில் கடுமை."

கண்ணைப் படம் பிடிக்கும் கருவி ஒன்று உண்டே என்று கேட்டேன். அது சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றார் இளைஞர். ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதிதாகப் பதிந்துகொண்டு வரலாமா என்று கேட்டேன்.

"அங்க போயும் இதே வெரலத்தானே மேடம் வெப்பாரு?"

பிறகு அவரே வழி சொன்னார். "பத்து நாள் கல்லத் தொடாம இருங்கண்ணா. புதுத் தோலு வந்தா ரேகையும் கூடவே வந்துடும். எங்கிட்ட நெறைய பேரு அப்படித்தான் வர்றாங்க."

"பத்து நாளு கல்லத் தொடாமயா?" என்றார் அவர். படி இறங்கும்போது மறுபடி அதையே, இந்த முறை என்னைப் பார்க்காமல், கேட்டார்.

அன்று மாலை அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி, அது மனைவியிடம்தான் இருந்தது. "மேடம், பேசாம எம் பேர்லயே போட்டுடுங்களேன். எங்கையில எல்லா ரேகயும் இருக்குது." ஆடிட்டரிடம் கேட்டேன். ஷெட்டு ஒப்பந்தம், மின் இணைப்பு எல்லாம் கணவர் பெயரில். அந்த அம்மாவிடம் பான் அட்டைகூட இல்லை. எல்லாவற்றையும் மாற்றுவதற்குள் சித்திரை முடிந்துவிடும். "பத்து நாள்தானே, வெயிட் பண்ணச் சொல்லு" என்றார்.

ரேகை வளர்கிறதா என்று தினமும் போன் செய்து கேட்டேன். "கொஞ்சம் வந்த மாதிரி இருக்குது மேடம்" என்பார் மனைவி. இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? ஆகவே தினம் காலையில் கையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்றிலிருந்து படம் வரத் தொடங்கியது.

சீனியர் ஒருநாள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"யாருட்டி அது, தெனமும் உனக்கு வெரல அனுப்புறது? மோதிர அளவா?"

"கிளையண்ட்டுக்கா. ரேகை வருதான்னு பாக்கறேன்."

"நல்லாப் பாத்த போ. எனக்கு வாட்ஸாப்ல பூவாச்சும் வருது, குட்மார்னிங்னு. ஒனக்கு வெறும் வெரலு." பிறகு அவரே என் கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கினார். "ஏ, வருதுட்டி. ஓரத்துல பாரு, கோடு."

வந்துகொண்டுதான் இருந்தது. ஆறாம் நாள் சுண்டுவிரலில், எட்டாம் நாள் மோதிர விரலில். கட்டைவிரல் மட்டும் நடுவில் வெறிச்சென்று இருந்தது. இடையில் யார்டிலிருந்து அவசர வேலை என்று ஆள் அனுப்பினார்களாம். அவர் போகவில்லை. "கையக் கட்டிக்கினு ஊட்ல ஒக்காந்துட்டிருக்காரு மேடம். பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. தண்ணி மோக்கறதுக்குக்கூட நாந்தான் போறேன்" என்றார் மனைவி. பானை தேய்த்தால்கூட ரேகை போய்விடும் என்று பயம்.

பத்து நாள் முடிந்த வெள்ளிக்கிழமை மையத்தில் அடுத்த முறை. அன்று காலை படம் வரவில்லை. நேரில்தான் வரப்போகிறார்களே என்று நானும் கேட்கவில்லை. மையத்து வாசலில் அவர் இரண்டு கையையும் சட்டைப் பைக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். விரல் நுனிகள் எல்லாம் நல்ல சிவப்பு. மருதாணி.

"யாருக்குக் கல்யாணம்?" என்றார் கருவிக்காரர்.

மனைவிதான் பதில் சொன்னார். "கை வெடிப்புக்கு மருதாணிதாங்க மருந்து. எங்க ஊர்ல நாத்து நடற பொம்பளைங்க எல்லாம் வெச்சிக்குவாங்க. தோலு சீக்கிரம் வளரட்டுமேன்னு, நேத்து ராத்திரி நாந்தான் அரச்சி வெச்சேன். ராத்திரி பூரா கையில கவரு கட்டிக்கினு தூங்குனாருங்க."

"நல்லா வளந்துதுக்கா, செவப்பா வளந்துது." இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நம்ம மிஷினு பழசு. மருதாணி வெரலு வெச்சா கருப்பாத்தான் காட்டுது. ரம்ஜான் முடிஞ்சு வர்றவங்ககிட்ட எல்லாம் இதே ரோதன."

வைத்துப் பார்த்தார். ஒத்தி என்றார், நொக்கண்டி என்றார். பத்து விரலும் சிவப்பு விளக்கு.

"சோப்பு போட்டுத் தேச்சா போவுமா?" என்று மனைவி கேட்டார்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன பொருளைப் பார்ப்பதுபோல் இருந்தது. "கல்லு வேலைக்குப் போனா ரெண்டே நாள்ல போயிடும்" என்றார்.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு கருவிக்காரர். பிறகு அவரும் நானும். வரிசையில் பின்னால் நின்றவர் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

அந்த விண்ணப்பம் இரண்டு நாளில் செத்தது. புதிதாக ஒன்றை நானே போட்டேன். அதற்கு மையத்தில் கிடைத்த நாள் வைகாசி பிறந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான். அதற்கு முன்னால் இடம் இல்லை. யார்டு முதலாளியிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று ஆடிட்டர் சொன்னார். கேட்டுப் பார்ப்பதாக அவர்களும் சொன்னார்கள்.

பிறகும் படங்கள் வந்தன. கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. பேருந்து நிலையத்தில் மாங்காய் மூட்டைகள் ஏறின. சூளகிரி தாண்டும்வரை அந்த வாசனை இருக்கும். ஒருநாள் சானமாவுக் காட்டருகே வண்டிகள் எல்லாம் நின்றன. பனிக்காலம் முடிந்தும் கர்நாடகக் காட்டுக்குத் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட இரண்டு யானைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. பேருந்தில் எல்லோரும் எழுந்து ஒரு பக்க ஜன்னலுக்குப் போனார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். நடத்துநர், "எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்கப்பா, யானை தள்ளாமலே வண்டி கவுந்துடும்" என்று கத்தினார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு யானையின் முதுகு மட்டும் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு அன்றைய விரல் படத்தைப் பார்த்தேன். நாட்குறிப்பில், "சானமாவில் யானை. தாமதம். கட்டைவிரல் நடுவில் மூன்று கோடு" என்று இருக்கிறது. முதல் முறை காட்டு யானையை நேரில் பார்த்தவள் எழுதியது அது.

சித்திரை முடிந்தது. அன்று காலையும் படம் வந்தது. மறுநாளும் வந்தது. நான் சேமித்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டு வந்த சீனியர் திரையைப் பார்த்தபடி நின்றார். நான் மருதாணிக்குப் பிறகு வந்த படங்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தேன். மருதாணிச் சிவப்பு முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை மெல்ல வெளுத்திருந்தது, ஆனால் இன்னும் லேசாக இருந்தது. பக்கவாட்டில் தெரிந்த கட்டைவிரல் நகத்தின் அடியில் மட்டும் புதிதாக வெள்ளைப் பிறை வளர்ந்திருந்தது.

"இவரு இன்னும் வேலைக்கே போகலையாட்டி? போயிருந்தா ரெண்டு நாள்ல போயிரும்னு சொன்னாருன்னியே."

போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். மேடம் என்று அழைப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

"ஆர்டரு போயிடுச்சு பாப்பா. போன வாரமே. நாங்க போய்க் கேட்டோம். ஓனரு நல்லவருதான், ஆனா பெங்களூர்க்காரன் அவுரு தலமேல நின்னா அவுரு என்னா பண்ணுவாரு. தருமபுரிக்காரரு ஒருத்தருக்குக் குடுத்துட்டாரு. அவுருகிட்ட நம்பரு இருக்குது."

"அப்போ அண்ணன் ஏன் இன்னும் வேலைக்குப் போகாம இருக்காரு?"

"நீங்கதானே கல்லத் தொடக் கூடாதுன்னீங்க." குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "நம்பரு வாங்கிட்டுத் தொடட்டும்னு நாந்தான் சொன்னேன். இவ்ளோ நாளு இருந்தாச்சு. இன்னும் ரெண்டு நாளு."

ஆடிட்டர் அறைக்குள் போய்ச் சொன்னேன். குளிராக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடடா" என்றார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, "ஸ்லாட் புக் ஆயிருக்கில்ல? வரச் சொல்லு. நம்பர் இருந்தா அடுத்த ஆர்டருக்கு ஆகும்" என்றார். அவர் சொன்னது சரிதான். நான் வெளியே வந்து பெட்ரோல் ரசீதுகளைத் தொடர்ந்தேன்.

மூன்றாம் முறை அந்த வாரப் புதன்கிழமை. கருவிக்காரர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, வரிசையில் முன்னால் கூப்பிட்டார். அவர் கட்டைவிரலை வைத்தார். அழுத்துங்க என்று சொல்வதற்கு முன்பே பச்சை விளக்கு வந்துவிட்டது.

"பாத்தீங்களாண்ணா! பளிச்சுனு வந்துட்டுது. இந்த மாதிரி ரேக ஆபீசருங்க கையிலதான் இருக்கும்."

அவர் விரலை எடுக்கவில்லை. "இன்னொரு தபா வெக்கணுமாங்க?"

"வேணாம், முடிஞ்சிது. எடுங்க."

எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார், மை எதுவும் இல்லாதபோதும். வெளியே வந்ததும் மூவரும் கரும்புச்சாறு குடித்தோம். என்னை அவர் காசு கொடுக்க விடவில்லை. "நாளையிலருந்து போட்டோ வேணாமில்ல பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம்ணா."

மே மாதக் கடைசி வாரத்தில் எண் வந்தது. சான்றிதழை அச்சிட்டு, ஷெட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டச் சொல்லி, படம் எடுத்து வர வேண்டும் என்றார் ஆடிட்டர். எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் நானே போனேன். பர்கூர் சாலையிலிருந்து உள்ளே போகும் மண் தடத்தில் தகர ஷெட்டு. மனைவி மட்டும் இருந்தார். உள்ளே ஒரு மூலையில் நீலத் தார்ப்பாய். தினமும் நான் படத்தில் பார்த்த அதே தார்ப்பாய். அதற்கடியில் இரண்டு மெஷின்கள் இருந்தன, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். கையை அந்தத் தார்ப்பாய் மேல் வைத்துத்தான் தினமும் படம் எடுத்திருக்கிறார்கள்.

"அண்ணன் எங்கக்கா?"

"வேலைக்குப் போயிட்டாரு. மையத்துக்குப் போய்ட்டு வந்தமில்ல, அதுக்கு மறுநாளே." அவர் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தருமபுரிக்காரருகிட்டதான். ஆர்டரு பெருசாச்சே, அவுருக்குக் கையாளு பத்தல. இவுரு கை சுத்தம்னு யார்டுல எல்லாருக்கும் தெரியும். ஆள் அனுப்பிக் கூப்ட்டாரு."

"கூலிக்கா?"

"கூலிக்குத்தான்."

சுவரில் ஏற்கனவே அடித்திருந்த ஆணியில் சான்றிதழை மாட்டினார். கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருந்தார். சாய்ந்திருக்கிறதா என்று என்னைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். லேசாக இடது பக்கம் என்றேன். சரிசெய்தார். நான் படம் எடுத்தேன்.

"இனிமே கைரேக கேக்க மாட்டாங்கல்ல பாப்பா?"

"மாட்டாங்கக்கா. நம்பர் வந்தாச்சு."

"அதான். கேட்டாலும் இப்பத்திக்கு இல்ல. நேத்தே போயிடுச்சு எல்லாம்."

எனக்கு இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டியிருந்தது. எண் வாங்கிய பிறகு, வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதக் கணக்கு காட்டியாக வேண்டும். எதுவும் நடக்காத மாதத்துக்கு நடக்கவில்லை என்றே காட்ட வேண்டும். அதற்கு நில் ரிட்டர்ன் என்று பெயர். அடுத்த மாதம் அதற்காக ஓர் ஓடிபி எண் வரும், நான் கூப்பிடும்போது சொல்லுங்கள் என்றேன். சரி என்றார். மாங்காய் நாலைந்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். நாகரசம்பட்டியில் அவர் அக்கா வீட்டு மரத்தில் பறித்தவை.

ஜூன் மாதம் என் பயிற்சியின் கடைசி வாரத்தில் அந்த வேலை வந்தது. முந்தைய மாதத்தின் கடைசிச் சில நாட்களுக்கான கணக்கு. நிரப்புவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு கேள்வி, ஆம் என்று ஒரு டிக், பிறகு ஓடிபி. போன் செய்தேன். அந்த அம்மா யார்டுக்கே போயிருந்தார் போல, கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு. பின்னால் மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

"இரு பாப்பா, கேக்கல. வெளிய வரேன்." இரைச்சல் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். திரையில் பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது.

"முடிஞ்சிதுக்கா."

"இது போட்டா என்னா அர்த்தம்?"

"போன மாசம் வேலை ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்."

"அது எங்களுக்கே தெரியுமே" என்றார். பிறகு, "அடுத்த மாசமும் சொல்லணுமா?"

"வேலை வர்ற வரைக்கும் சொல்லணும்க்கா. வந்தா வேற மாதிரி சொல்லலாம்."

"சொல்லிட்டே இருப்போம். நீதான் கூப்புடுவியா?"

என் பயிற்சி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அங்கே இருக்கும் அக்கா கூப்பிடுவார் என்றேன். அவருக்கும் தமிழ்தானே பேச வரும் என்று கேட்டார். வரும், திருநெல்வேலித் தமிழ் என்றேன். அதற்கு ஏதோ சொன்னார். அதற்குள் யாரோ மறுபடி மெஷினைப் போட்டுவிட்டார்கள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என் சான்றிதழை வாங்கிக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் அவருடைய கோப்புறையைச் சீனியரிடம் ஒப்படைத்தேன். விரல் படங்களை என்ன செய்ய என்று கேட்டார். நம்பர் வந்துவிட்டதால் தேவையில்லை, அழித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும்ட்டி, எடத்தையா அடைக்குது" என்று விட்டுவிட்டார்.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் சிறியது. கடைசி நாள், பேருந்தில் ஜன்னலோர இடம், சூளகிரியில் மழை.